நலிந்த மலைக்காட்டுக்கு எந்த வைத்தியம்: நடுவதா, பராமரிப்பதா, விட்டுவைப்பதா?

சரிவில் மரங்கள் இருக்கின்றன, வளரத்தான் இல்லை. இருபது வருடத்து மரம் கைத்தடி கனத்தில் நிற்கிறது. இடையில் புல்லும் முட்புதரும் மண்டிக் கிடக்கின்றன. மழை பெய்தால் ஓடை கலங்கி ஓடுகிறது, மழை நின்ற சில வாரங்களில் வற்றிவிடுகிறது. இப்படி ஒரு மலைக்காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கலாம், ஊர்க்குழுவின் கையில் இருக்கலாம், ஒருவரின் சொந்த நிலமாகவும் இருக்கலாம். யார் கையில் இருந்தாலும் முதலில் தோன்றும் யோசனை ஒன்றுதான்: கன்று நடலாம்.

நடுவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் கையில் இருக்கும் ஆறேழு வழிகளில் அது ஒன்று, அவ்வளவுதான். பல சரிவுகளில் அதன் முறை மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வரும். அதற்குள் பணம் தீர்ந்துவிட்டால் அந்தக் காட்டுக்கு இன்னொரு வாய்ப்பு எளிதில் கிடைக்காது. அதனால்தான் இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

வளராததற்குக் காரணம் என்ன?

ஒரு காட்டின் விளைதிறன் என்பது ஓராண்டில் ஒரு ஹெக்டேரில் எவ்வளவு மரம் கூடுகிறது என்பது. அது குறைந்திருக்கப் பல காரணங்கள் உண்டு. விதை விழாமல் இருக்கலாம். விதை விழுந்து முளைத்ததை ஆடு மாடோ தீயோ ஒவ்வொரு வருடமும் தின்றுவிடலாம். கொடிகள் மரத்தின் தலைமேல் ஏறி வெயிலை மறைக்கலாம். மேல்மண் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். மண் இருந்தும் சத்து இல்லாமல் போயிருக்கலாம். ஒருகாலத்தில் நட்ட மரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று வளரவிடாமல் தடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வழியைத் தேர்ந்தெடுப்பது நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில மலைக்காடுகள் இயல்பிலேயே குட்டையானவை. காற்று ஓயாத முகடுகளிலும், மேகம் உட்கார்ந்தே இருக்கும் உயரங்களிலும், பாறைமேல் ஒரு சாண் மண் இருக்கும் இடங்களிலும் மரம் அப்படித்தான் வளரும். அங்கே எந்தக் குறையும் இல்லை. மலையுச்சிப் புல்வெளியும் அப்படியே. காடு அழிந்து மிஞ்சிய வெற்றிடம் என்று அதை நினைத்துவிடக் கூடாது. நீலகிரியின் சோலைகளுக்கு இடையே விரிந்திருந்த புல்வெளிகளில் வேற்றுநாட்டு வாட்டில் மரங்களை நட்டார்கள். அவை தானாகப் பரவின. இன்று அவற்றை அகற்றுவதே பெரும் வேலையாகிவிட்டது. ஆகவே "இந்த இடத்தை மேம்படுத்த வேண்டுமா?" என்ற கேள்விதான் முதல் கேள்வி.

வேண்டும் என்று முடிவானால், அடுத்து எண்ண வேண்டும். தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் காடு மீட்பு ஆய்வுப் பிரிவு 1994 முதல் இயங்கி வருகிறது. அவர்கள் சொல்லும் முறை எளிமையானது. 5 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் மரங்கள், இளங்கன்றுகள், துளிர்விடும் அடிக்கட்டைகள் எல்லாவற்றையும் எண்ணுவது. சரிவு முழுக்கப் பத்து வட்டங்களாவது போட வேண்டும். வட்டத்துக்குச் சராசரியாக 25 இருந்தால் ஹெக்டேருக்கு 3,100-க்குச் சற்று மேல் என்று கணக்கு. அந்த எண்ணிக்கையில் பல இன மரங்களும் கலந்திருந்தால் நடவே தேவையில்லை. இருப்பதைக் காப்பாற்றினால் போதும். ஒரு கயிறும் ஒரு நோட்டும் இரண்டு மூன்று ஆட்களும் இருந்தால் ஒரே நாளில் முடிகிற வேலை. புல்லுக்கு அடியில் முழங்கால் உயரத்தில் ஒளிந்திருக்கும் கன்றுகள் நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து விலக்கினால்தான் தெரியும். அந்த எண்ணிக்கை பல பேருக்கு ஆச்சரியம் தரும்.

விட்டுவைத்தாலும், தூக்கிவிட்டாலும்

எதுவும் நடாமல் காவல் மட்டும் போடுவது செலவு குறைந்த வழி. தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, மேய்ச்சலை ஒழுங்குபடுத்துவது, விறகுக்கு வெட்டுவதைக் குறைப்பது, அவ்வளவுதான். பெயருக்குத்தான் எளிது, மக்களோடு பேசி ஒத்துக்கொள்ளாமல் இது ஒரு நாளும் நடக்காது. நேபாளம் 1993-ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின் வழியாக மலைக்காடுகளை உள்ளூர்ப் பயனாளர் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று அப்படி 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 1992-இல் நாட்டின் நிலப்பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016-இல் 45 சதவீதமானதை செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி தானாக முளைத்தது. யாருடைய ஆடு எங்கே எப்போது மேயலாம் என்பதை அந்தந்த ஊரே பேசி முடிவு செய்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

தென்கொரியாவின் கதை வேறு திசையில் போய் அதே இடத்துக்கு வருகிறது. கொரியப் போருக்குப் பின் மொட்டையாகக் கிடந்த குன்றுகளுக்கு 1973-இல் பத்தாண்டுத் திட்டம் போட்டு, 10 லட்சம் ஹெக்டேர் நடவு இலக்கை ஆறே ஆண்டுகளில் முடித்தார்கள். எல்லோரும் அந்த நடவைத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் குன்றுகள் மொட்டையானதே விறகுக்காகவும், அடுப்பெரிக்கச் சருகைக்கூட வாரிச் சென்றதாலும்தான். நகரங்களுக்குள் விறகு வருவதைக் கட்டுப்படுத்தி நிலக்கரி வில்லைகளைப் பரவலாக்கியதும், கிராமங்களுக்கென்று விறகுத் தோப்புகள் வைத்ததும் நடக்காமல் இருந்திருந்தால், நட்ட கன்றுகளும் அதே அடுப்புக்குத்தான் போயிருக்கும்.

காவலின் பெரிய குறை, அது மெதுவானது. புல் ஆட்சி செய்யும் சரிவில் கன்றுகள் பல வருடங்கள் மூச்சுமுட்டிக்கொண்டு கிடக்கும். அங்கேதான் அடுத்த வழி வருகிறது: தானாக முளைத்ததைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது. இதை இயற்கை மறுவளர்ச்சிக்கு உதவுதல் என்பார்கள். என் கணக்கில் செலவுக்கு ஏற்ற பலன் அதிகம் தருவது இதுதான், ஆனால் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசப்படுகிறது.

பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதைச் செய்து காட்டியது. அங்கே எதிரி இம்பெரேட்டா என்ற முரட்டுப் புல். அதை வெட்டினால் கிழங்கிலிருந்து இன்னும் வேகமாக முளைக்கும், தீ வைத்தாலும் அப்படியே. எனவே ஒரு பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டி, அதன்மேல் காலை வைத்து மிதித்துப் புல்லைப் படுக்க வைத்தார்கள். மடங்கிய புல் தன் அடியில் இருப்பதற்கே வெளிச்சம் விடாது. முளைப்பது தளர்கிறது, தீ பரவும் வேகமும் குறைகிறது. அதற்கு முன் ஒவ்வொரு கன்றையும் தேடிக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, சுற்றிலும் அரை மீட்டர் அளவுக்குக் களை எடுத்தார்கள். குச்சி நடும் வேலையை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அடையாளம் இல்லாவிட்டால் களையோடு சேர்த்துக் கன்றையும் மிதித்துவிடுவோம். ஆகிய மொத்தச் செலவு வழக்கமான நடவில் ஏறக்குறைய பாதி.

இதற்கும் எல்லை உண்டு. பக்கத்தில் தாய்மரம் இருக்க வேண்டும். காற்றும் சிறு பறவைகளும் வௌவால்களும் கொண்டுவரும் சிறு விதைகள் வரும். இருவாச்சி போன்ற பெரிய பறவைகள் மட்டுமே விழுங்கக்கூடிய பெரிய விதைகள், அந்தப் பறவைகள் இல்லாத மலைக்கு வரவே வராது. காடு பசுமையாகிவிடும், ஆனால் கனத்த, நீண்டகால மரங்கள் அதில் இல்லாமல் போகும்.

நடுவது: எங்கே, எதை

ஆக, நடவுக்கு நல்ல இடம் அதுதான்: தானாக வராத இனங்களைக் கொண்டுவருவது. மரம் ஓரளவு நிற்கும் காட்டில் இடைவெளிகளிலோ வரிசையாகவோ அப்படி நடுவதைச் செறிவூட்டும் நடவு என்கிறார்கள்.

இதற்கு நல்ல சான்று போர்னியோ தீவின் சபாவில் இருக்கிறது. 1980-களில் மரம் வெட்டப்பட்ட காட்டின் ஒரு பகுதியில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு, கொடிகளையும் வெட்டிவிட்டார்கள். மற்ற பகுதிகளைத் தானாக வளர விட்டார்கள். 2020-இல் வெளியான ஆய்வின்படி, தானாக வளர்ந்த இடத்தில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 2.9 டன் கரிமம் மரங்களில் சேர்ந்தது (மரம் எவ்வளவு கூடியது என்பதற்கு இது ஓர் அளவுகோல்). கவனித்த இடத்தில் 4.4 டன். பழைய நிலைக்குத் திரும்ப 60 ஆண்டுகள் ஆகும் என்பது 40 ஆகச் சுருங்குகிறது. அங்குள்ள முக்கியமான மரக்குடும்பம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மொத்தமாகக் காய்க்கும். விதையும் உறங்கிக் கிடந்து பின்னால் முளைக்கும் இனம் இல்லை. தாய்மரங்களை வெட்டிவிட்ட இடத்தில் அது தானாகத் திரும்பாது. அதனால் நடவு அங்கே பொருந்தியது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: காடு சேர்த்து வைக்கும் கரிமத்துக்குப் பணம் கொடுக்கும் கரிமச் சந்தையின் அன்றைய விலை இந்த மீட்புச் செலவுக்கு ஈடாகவில்லை. ஆகவே கரிமக் காசை மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது.

செறிவூட்டும் நடவு பெரும்பாலும் தோற்பது நட்ட நாளில் இல்லை, மூன்றாவது வருடத்தில். நடும்போது திறந்த மேற்கிளைகள் அதற்குள் மறுபடி மூடிவிடுகின்றன. இருட்டில் நிற்கும் கன்று சாகாது, வளரவும் செய்யாது; எண்ணிக்கையில் உயிரோடு இருப்பதாகத்தான் பதிவாகும். அதனால் நடவுக்கு ஒதுக்கும் பணத்தில் கணிசமான பங்கைப் பின்வரும் வருடங்களில் வெளிச்சம் திறந்துவிடுவதற்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். அது முடியாதென்றால் பாதிப் பரப்பில் நடலாம். பத்து ஹெக்டேர் நட்டுக் கைவிடுவதைவிட நான்கு ஹெக்டேரை ஐந்து வருடம் பார்த்துக்கொள்வது நல்லது.

மரமே இல்லாமல் திறந்து கிடக்கும் சரிவு வேறு விஷயம். அங்கே சியாங் மாய் குழுவின் முறை பொருந்தும். உள்ளூர் இனங்களில் 20 முதல் 30 வரை தேர்ந்தெடுத்து, ஹெக்டேருக்குச் சுமார் 3,100 கன்றுகள் நெருக்கமாக நடுகிறார்கள். அகன்ற இலைப் பரப்பால் களையை மறைப்பவை, சின்ன வயதிலேயே பழம் கொடுத்துப் பறவைகளை அழைப்பவை, தீப்பட்டாலும் துளிர்ப்பவை என்று தேர்வு செய்கிறார்கள். மற்ற இனங்களை அந்தப் பறவைகள் கொண்டுவந்துவிடும். இந்த யோசனை முதலில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிறந்தது.

உண்ணிச்செடி மண்டிய சரிவில் நடவோ மறுவளர்ச்சியோ, எதுவானாலும் அதை முதலில் அகற்றியாக வேண்டும். மேலே வெட்டினால் இருமடங்காகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவின் குழு கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறையில், மண்ணுக்குக் கீழே சில செ.மீ. ஆழத்தில் வேரோடு சேரும் முடிச்சுக்கு அடியில் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுகிறார்கள். மண்ணை அதிகம் கிளறாததால் சரிவுக்கு இது ஏற்றது.

இருக்கும் மரத்துக்கு இடம் விடுவது

சபாவின் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கே கூடிய வளர்ச்சி முழுவதையும் நடவின் கணக்கில் எழுத முடியாது, கொடி வெட்டியதற்கும் அதில் பங்கு உண்டு. பனாமாவின் கிகாந்தே தீபகற்பத்தில் கொடியை மட்டும் வெட்டிப் பார்த்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கொடிகள் இருந்த காட்டில் ஆண்டுதோறும் சேரும் கரிமம், கொடி அகற்றிய இடத்தைவிட சுமார் 76 சதவீதம் குறைவாக இருந்தது. ஓர் அரிவாள் வேலைக்கு இவ்வளவு பலன் தருகிற வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதற்காகக் காடு முழுக்கக் கொடியை அழித்துவிடக் கூடாது. குரங்குகளுக்கும் பறவைகளுக்கும் பழமும் பாதையும் அவைதான். வளர வேண்டும் என்று நாம் குறித்து வைத்த மரங்களின் மேல் ஏறியதை மட்டும் வெட்டினால் போதும்.

இதே கணக்கில் வருபவை இன்னும் இரண்டு. வெட்டிய அடிக்கட்டையில் ஏழெட்டுத் துளிர் போட்டி போட்டால் நல்லது ஒன்றையோ இரண்டையோ விட்டு மற்றதைக் கழிப்பது ஒன்று. பழைய தோப்பில் நெருக்கத்தைக் கலைத்து, நல்ல மரங்களைச் சுற்றி வெளிச்சம் விடுவது இன்னொன்று. இரண்டிலும் கழித்தது விறகாகவோ கழியாகவோ கைக்கு வரும். வேர்ப்பிடிப்பு ஏற்கனவே இருப்பதால் பலன் சீக்கிரம் தெரியும். மரங்கள் இருந்தும் வளராத சரிவுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மண்ணும் சத்தும்

தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை என்று கேட்டவுடன் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் மரங்களை ஊடே நடச் சொல்வது வழக்கம். அது பலிக்குமா என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு இடங்கள் பதில் வைத்திருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் விண்ட் ரிவரில், தழைச்சத்துக் குறைந்த மண்ணில் 1929-இல் நட்ட டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரங்களுக்கிடையே 1933-இல் தழைச்சத்தைப் பிடிக்கும் சிவப்பு ஆல்டர் மரங்களை ஒரு பட்டையாக நட்டார்கள். அந்தப் பட்டையின் மொத்த வளர்ச்சி, தனியாக நின்ற ஃபர் மரங்களின் வளர்ச்சியைத் தாண்டிப் போனது. ஓரிகன் கரையோரத்தின் கேஸ்கேட் ஹெட்டில் மண்ணில் தழைச்சத்து ஏற்கனவே நிறைய. அங்கே அதே ஆல்டர் எந்த நன்மையும் தரவில்லை. இடத்துக்கும் வெயிலுக்கும் போட்டிதான் போட்டது. இரண்டு இடத்திலும் மரம் ஒன்றே, மண்தான் வேறு. மண் பரிசோதனை செய்யாமல் உரத்துக்கோ ஊடு மரத்துக்கோ பணம் செலவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

குறை வேறு சத்தாகவும் இருக்கலாம். ஜெர்மனியின் ஃபிக்டெல் மலைகளில் 1980-களில் ஸ்ப்ரூஸ் மரங்களின் ஊசியிலைகள் மஞ்சளாயின. அமில மழை மண்ணிலிருந்து மக்னீசியத்தைக் கரைத்துக் கொண்டுபோயிருந்தது. மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு தூவியபோது தேறின. தழைச்சத்தை அள்ளிக் கொட்டியிருந்தால் அது தீர்ந்திருக்காது.

சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் சமஉயர அகழி, கல் தடுப்பு, ஓடைத் தடுப்பணை போன்றவை ஓடும் நீரை நிறுத்தி மண்ணில் இறக்கும். மழை குறைந்த, மிதமான சரிவுகளில் நல்ல பலன் உண்டு. செங்குத்துச் சரிவில், களிமண்மேல் மெல்லிய மண் இருக்கும் இடத்தில் அகழி வெட்டினால், உள்ளே இறங்கிய நீரே மண்ணைச் சரியவைக்கும், அங்கே வேண்டாம். அப்புறம், சருகு வாருவதை நிறுத்துவதும் மண் வேலைதான். மேல்மண்ணுக்கு வேண்டிய சத்து சருகு வழியாகத்தான் திரும்புகிறது.

மொட்டையடித்து மறுபடி நடுவது

இந்த வழிக்கு இருக்கும் வாதத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இயற்கையான வெப்பமண்டலக் காட்டில் விற்கக்கூடிய மரம் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு கனமீட்டர் கூடினாலே அதிகம். நன்றாகப் பராமரித்த யூக்கலிப்டஸ் தோப்பில் 20, 30, நல்ல மண்ணில் அதற்கு மேலும் கூடும். மரம் மட்டுமே இலக்கு என்றால் போட்டியே இல்லை.

ஆனால் மலை மரத்தை மட்டுமா கொடுக்கிறது? தென்னாப்பிரிக்காவின் மொகோபுலான் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் புல்வெளியில் மரம் நட்டுப் பார்த்தார்கள். யூக்கலிப்டஸ் நட்ட ஒன்பதாம் ஆண்டில் ஓடை முழுதாக வற்றியது. பைன் நட்ட இடத்தில் பன்னிரண்டாம் ஆண்டில். யூக்கலிப்டஸை 16-ஆம் வயதில் வெட்டிய பிறகும் நீர் திரும்ப ஐந்தாண்டுகள் ஆயிற்று. அந்த நாட்டின் 1998-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் வணிகத் தோப்புகளை ஓடைநீரைக் குறைக்கும் செயலாகவே கருதி ஒழுங்குபடுத்துகிறது. கீழே குடியிருப்பவர்கள் அந்த ஓடையை நம்பியிருந்தால் இந்தக் கணக்கை அவர்களிடம் கேட்காமல் போடவே கூடாது.

அடுத்தது சரிவு. வெட்டிய மரத்தின் வேர் மக்கிப்போய், புதுக்கன்றின் வேர் இன்னும் பிடிக்காத இடைக்காலம் ஒன்று உண்டு. வெட்டிய சில ஆண்டுகளில் தொடங்கிப் பத்து ஆண்டு வரைகூட நீளும். கனமழை அப்போது வந்தால் மலை இறங்கிவிடும். நியூசிலாந்தின் டோலாகா பேயில் 2018 ஜூன் மழையில், பைன் தோப்புகள் வெட்டப்பட்ட குன்றுகளிலிருந்து அடிமரங்களும் கழிவுக் கிளைகளும் வெள்ளத்தோடு இறங்கி வயல்களையும் கடற்கரையையும் மூடின. மரம் வேண்டுமென்றால் மலையடிவாரத்து மிதமான நிலத்தில், ஏற்கனவே காடு இல்லாத இடத்தில் தோப்பு வைக்கலாம். செங்குத்துச் சரிவில் நிற்கும் காட்டை, எவ்வளவு நலிந்திருந்தாலும், மொட்டையடிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

எதை எப்போது

சரி, கையில் ஒரே ஒரு தொகை இருக்கிறது, நூறு ஹெக்டேர் சரிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் முழுப்பரப்புக்கும் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். வட்டம் போட்டு எண்ணிய பிறகு சரிவு தானாகவே துண்டுகளாகப் பிரியும். கன்று நிறைந்த துண்டுகளில் தீயையும் மேய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, புல்லை மிதிப்பது. மரம் நின்றும் வளராத துண்டுகளில் கொடி வெட்டுவது, நெருக்கம் கலைப்பது. காடு இருந்தும் நல்ல இனம் இல்லாத துண்டுகளில் இடைவெளி பார்த்துச் செறிவூட்டுவது. வெறும் தரையாகக் கிடப்பதில் மட்டும் நெருக்க நடவு, அதுவும் ஐந்து வருடம் பார்த்துக்கொள்ள முடிகிற பரப்புக்குள். முகடுகளையும் இயல்பான புல்வெளிகளையும் தொடாமல் விடுவது. முதல் வருடப் பணத்தில் நாற்றங்காலுக்கு முன் தீத்தடுப்புக் கோடும் ஊர்ப் பேச்சுவார்த்தையும் இடம்பெற வேண்டும். ஒரு தீ மூன்று வருட வேலையை ஒரு மதியத்தில் தின்றுவிடும்.

அளவெடுப்பும் முதல் வருடமே தொடங்க வேண்டும். குறியிட்ட முப்பது நாற்பது மரங்களின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அளப்பது, ஓடை வற்றும் தேதியை எழுதி வைப்பது, ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பது. இவற்றோடு, ஒவ்வொரு வகைத் துண்டிலும் ஒரு மூலையை ஒன்றும் செய்யாமல் விட வேண்டும். வேலை செய்தோம் என்ற மனநிறைவில் இந்த மூலையையும் கவனித்துவிடத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆனால் சபாவில் 4.4 என்ற எண்ணுக்கு அர்த்தம் கிடைத்ததே, பக்கத்தில் தானாக வளர விட்ட காட்டில் 2.9 என்று அளந்து வைத்திருந்ததால்தான்.